கேட்டில் நிற்கும் லாரி, கிளவுடில் போகும் பில்

(தொழில்முனைவோருக்கும் கணக்காளர்களுக்கும் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



ஒரு நூற்பாலையை எடுத்துக்கொள்ளலாம். கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நூல் வாங்குகிறவர் திருப்பூர்க்காரர். மாலை ஆறரை மணி. நாற்பதாம் நம்பர் நூல் மூட்டைகள் லாரியில் ஏறி, தார்ப்பாயும் கட்டியாகிவிட்டது. டிரைவர் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “பில்லு ஆச்சுங்களா?” என்கிறார். உள்ளே பில் போடுகிறவர் கம்ப்யூட்டரில் ‘சேவ்’ கொடுக்கிறார். சில விநாடிகளில் பிரிண்டரிலிருந்து பில் வருகிறது. அதில் ஒரு கியூஆர் கட்டம். லாரி கிளம்பிவிடுகிறது.

அந்தச் சில விநாடிகளில் நடந்தது சின்ன வேலை இல்லை. கொள்முதல் முதல் கணக்கு வரை கவனிக்கும் ஆலையின் ஈஆர்பி மென்பொருள் பில்லின் விவரங்களைத் திரட்டி, அரசு வகுத்த வடிவத்தில் ஒரு ஜேசன் கோப்பாக மாற்றியது. அது இணையம் வழியே ஜிஎஸ்டி சுவிதா புரொவைடர் எனப்படும் இடைநிலை நிறுவனத்தின் கிளவுட் சர்வருக்குப் போனது. அங்கிருந்து அரசின் இன்வாய்ஸ் பதிவுத் தளத்துக்குப் போனது. விற்பவர் எண், வாங்குபவர் எண், வரி, கூட்டல் எல்லாவற்றையும் அந்தத் தளம் சரிபார்த்து, 64 எழுத்து கொண்ட ஐஆர்என் என்ற அடையாள எண்ணைத் தந்தது. டிஜிட்டல் கையொப்பமிட்ட கியூஆரையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியது. வண்டி எண்ணும் கூடவே போயிருந்தால் சரக்கு சாலையில் போவதற்கான இ-வே பில்லும் அதே நடையில் கிடைத்திருக்கும். மூன்று அமைப்புகளின் கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசி முடித்த பிறகே அந்த பிரிண்டர் ஓடியது.

ஈஆர்பியைப் பிறர் எழுதிய மென்பொருளோடு கிளவுட் வழியாக இணைப்பது பெரிய கம்பெனிகளின் சமாச்சாரம் என்று நினைத்த காலம் போய்விட்டது. இந்தியாவில் அதைக் கட்டாயமாகவே கற்றுக்கொடுத்தது ஜிஎஸ்டி. 2020 அக்டோபர் 1-ல் 500 கோடி ரூபாய்க்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களோடு இ-இன்வாய்ஸ் தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி என்று வரம்பு இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வளையத்துக்குள் வந்துவிட்டார்கள். சாயப்பட்டறை, பம்ப் தயாரிப்பவர், மொத்த மளிகை, ஹார்டுவேர் கடை என்று வகைதொகை இல்லாமல் பலருக்கும் இப்போது ஒரு ‘இன்டக்ரேஷன்’ இருக்கிறது. தங்களிடம் அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அது நின்றுபோகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

இதில் அரசு எடுத்த ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். ‘எல்லோரும் எங்கள் தளத்துக்கு வந்து பில் போடுங்கள்’ என்று அது சொல்லவில்லை. ‘பில்லை உங்கள் மென்பொருளிலேயே போடுங்கள்; எந்த விவரம் எந்தக் கட்டத்தில், எந்த வடிவத்தில் வர வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் சொல்கிறோம்’ என்றது. எஸ்ஏபி வைத்திருப்பவரும் டாலி வைத்திருப்பவரும் சென்னைக் கம்பெனியான ஸோஹோவின் மென்பொருள் வைத்திருப்பவரும் ஒரே வாசல் வழியாகத்தான் போகிறார்கள். அந்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்பதற்கான எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அது.

இந்த உரை சொல்ல வருவது ஒன்றே ஒன்று. இணைப்பதற்கான கருவிகள் இன்று மலிந்துவிட்டன. தடுக்கி விழுகிற இடம் வேறு. எந்த விவரத்துக்கு எந்த ஏடு மூல ஏடு, பதில் வராவிட்டால் யார் என்ன செய்வது என்ற இரண்டையும் முன்கூட்டியே முடிவு செய்யாத இணைப்புகள்தான் பணத்தையும் நிம்மதியையும் தின்கின்றன.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ஐபிஎம்மிலிருந்து வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் 1972-ல் ஜெர்மனியில் எஸ்ஏபியைத் தொடங்கினார்கள். அவர்கள் விற்றது ஒரே கூரைக் கனவு: கொள்முதல், உற்பத்தி, கிடங்கு, விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே மென்பொருளில், ஒரே தரவுத்தளத்தில். 1992-ல் வந்த ஆர்/3 அந்தக் கனவை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஒரு பிரிவில் பதிந்ததை இன்னொரு பிரிவு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதில்லை என்பது அன்றைக்குப் பெரிய விடுதலை.

ஆனால் ஒரே கூரை என்பது முழுதாக எங்கும் நடக்கவில்லை. சரக்கைத் திட்டமிட ஒரு மென்பொருள் சிறப்பு, வாடிக்கையாளரைக் கவனிக்க இன்னொன்று சிறப்பு என்று கம்பெனிகள் தேடிப் போயின. அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் அப்படித்தான் போனது. ஈஆர்பிக்கு எஸ்ஏபி, சரக்குத் திட்டத்துக்கு மனுகிஸ்டிக்ஸ், விற்பனைக்கு சீபெல் என்று மூன்று கம்பெனிகளின் மென்பொருள்களைச் சேர்த்து, 11 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 1999 ஜூலையில் ஒரே வீச்சில் ஓட்ட ஆரம்பித்தது. நான்கு ஆண்டு பிடிக்கும் என்று சொல்லப்பட்ட வேலையை இரண்டரை ஆண்டில் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு. அமெரிக்காவில் மிட்டாய் வியாபாரத்துக்கு உச்சம் அக்டோபர் 31-ல் வரும் ஹாலோவீன். கடைக்காரர்கள் ஆர்டரைக் குவித்துக்கொண்டிருந்த நேரத்தில் சரக்கு போய்ச் சேரவில்லை. மிட்டாய்க்குப் பஞ்சமில்லை, ஆர்டருக்கும் பஞ்சமில்லை. இரண்டையும் சேர்த்துவைக்க வேண்டிய கணக்கு குழம்பிக் கிடந்தது. சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை நிறைவேற்ற முடியாமல் போய், அந்தக் காலாண்டின் லாபம் 19 சதவீதம் சரிந்தது.

ஹெர்ஷி வாங்கிய மூன்றும் அந்தக் காலத்தில் நல்ல பெயர் வாங்கிய மென்பொருள்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. இடறியது மூன்றையும் சேர்க்கும் இடத்திலும், சோதித்துப் பார்க்க நேரம் விடாத அட்டவணையிலும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் காட்சி மாறியது. வாடிக்கையாளர் விவர மென்பொருள் தரும் சேல்ஸ்ஃபோர்ஸ் 2000-ல் தன் ஏபிஐயைத் திறந்துவிட்டது. அமேசான் 2006-ல் சேமிப்பிடத்தையும் சர்வரையும் வாடகைக்குக் கொடுக்கத் தொடங்கியது. ஒரு பனியன் பிராண்ட் நடத்துகிறவருக்கு இன்று ஆன்லைன் கடை ஒரு கம்பெனியுடையது, பேமென்ட் கேட்வே இன்னொரு கம்பெனியுடையது, கூரியர் மூன்றாவது, வாட்ஸ்அப் செய்தி நான்காவது, வருகைப்பதிவு ஐந்தாவது. எல்லாமே மாத வாடகை. எல்லாவற்றுக்கும் நடுவில் ஈஆர்பி.

இவற்றை நேருக்கு நேர் கோர்க்கப் போனால் கணக்கு விரைவில் கைமீறிவிடும். பத்து மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்றால் 45 இணைப்பு. பதினொன்றாவது வந்து சேர்ந்தால் இன்னும் பத்து. ஒரு இடத்தில் ஒரு கட்டத்தின் பெயரை மாற்றினால் எங்கெங்கே உடையும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நடுவில் ஒரு மிடில்வேர் வைக்கிறார்கள். பழைய கிழக்கிந்தியக் கம்பெனி நாட்களில் வெள்ளைக்கார வணிகருக்கும் நம்மூர் நெசவாளருக்கும் நடுவே துபாஷி செய்த வேலைதான் இதற்கும். இரண்டு பக்கத்துப் பேச்சும் அதற்குத் தெரியும். ஒருவர் சொன்னதை மற்றவருக்குப் புரிகிறபடி சொல்லும். யார் எப்போது என்ன சொன்னார் என்று குறித்தும் வைத்துக்கொள்ளும். மியூல்சாஃப்ட், பூமி, எஸ்ஏபியின் இன்டக்ரேஷன் சூட் எல்லாம் இந்த வகை. 2018-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் மியூல்சாஃப்டை வாங்க 650 கோடி டாலர் கொடுத்தது. இடைத்தரகு வேலைக்கு இருக்கும் மதிப்பை அதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

‘எங்கள் மென்பொருள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அல்லவா இருக்கிறது, கிளவுடில் இல்லையே’ என்று பலர் கேட்பதுண்டு. தமிழ்நாட்டுச் சிறுதொழிலில் இது நியாயமான கேள்வி. டாலியையே பார்க்கலாம். 1986-ல் தொடங்கிய பெங்களூரு கம்பெனியின் சரக்கு அது. இந்தியாவின் எந்தக் கடைவீதிக்குப் போனாலும் பார்க்கலாம். ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் டாலி, வழக்கமாக 9000 என்ற போர்ட்டில் காது வைத்திருக்கும். அந்த வாசலில் எக்ஸ்எம்எல் வடிவில் கேட்டால் பேரேட்டைத் தரும், வவுச்சரையும் பதிந்துகொள்ளும். ஆனால் வெளியே உள்ள கிளவுட் சர்வர் நேராக வந்து அந்தக் கதவைத் தட்ட முடியாது. ஆபீஸ் ரவுட்டர் உள்ளே விடாது, விடவும் கூடாது. எனவே அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ஒரு சின்ன மென்பொருளை நிறுவுகிறார்கள். அது உள்ளே இருந்து வெளியே போய், ‘எனக்கு ஏதாவது வேலை இருக்கிறதா?’ என்று கிளவுடைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்ஏபியின் கிளவுட் கனெக்டரும் உள்ளிருந்து வெளியே திறக்கும் இதே உத்தியில்தான் ஓடுகிறது. சின்ன ஆபீஸில் இதற்குள்ள வழக்கமான ஆபத்து, இரவு போகும்போது வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது. மறுநாள் காலையில், ஆன்லைன் ஆர்டர் ஏன் கணக்கில் ஏறவில்லை என்று ஆடிட்டர் வரை போன் பறக்கும்.

சரி, இணைப்புக் கிடைத்துவிட்டது. இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

முதல் சிக்கல், இரண்டு பக்கமும் ஒரே பொருளை ஒரே மாதிரி சொல்வது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆலையின் ஈஆர்பியில் யூனிட் பெயர், நிதியாண்டு, பிரிவு, வரிசை எண் எல்லாம் சேர்த்து இருபது எழுத்துக்கு ஒரு பில் எண் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும்; பதிவுத் தளம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். பூஜ்யத்திலோ சாய்கோட்டிலோ சிறுகோட்டிலோ தொடங்கும் எண்ணையும் ஏற்காது. ஆங்கிலச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து விவகாரம் ஒன்று இருந்தது. ‘ஏபிசி’யைச் சின்ன எழுத்தில் ஒரு தடவையும் பெரிய எழுத்தில் ஒரு தடவையும் அனுப்பினால் இரண்டு வேறு பில்லாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 2025 ஜூன் 1 முதல் தளமே எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொள்கிறது. அன்றைக்குச் சின்ன எழுத்தை நம்பியிருந்த மென்பொருள்களில் வந்த பதிலும் சேமித்த எண்ணும் பொருந்தாமல் போக வழி உண்டானது.

அடுத்தது அளவை. நூற்பாலை மூட்டைக் கணக்கில் ஏற்றும். கிலோ கணக்கில் விலை போடும். தளத்துக்கு அனுப்பும்போது அரசு வகுத்த அளவைக் குறியீடுகளில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும்: கிலோவுக்கு கேஜிஎஸ், மூட்டைக்கு பிஏஜி. ஈஆர்பியில் ‘பேக்’, ‘பேக்ஸ்’, ‘மூட்டை’ என்று மூன்று விதமாக யாரோ எப்போதோ பதிந்து வைத்திருப்பார்கள். ஊரின் பின்கோடும் மாநில எண்ணும் பொருந்தாவிட்டாலும் பில் திரும்பும். தமிழ்நாட்டின் எண் 33. ஓசூருக்குப் பதில் பெங்களூரு பின்கோடு ஏறியிருந்தால் போச்சு. கூட்டலில் ஒரு ரூபாய் முன்பின் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் விடாது. ஒவ்வொரு வரிசையிலும் பைசாவை முழுமையாக்கிக் கூட்டுகிற மென்பொருளுக்கும், கடைசியில் ஒரே தடவை முழுமையாக்குகிற மென்பொருளுக்கும் இடையில் இந்த ஒரு ரூபாய் பல பேரைக் கதிகலங்க வைத்திருக்கிறது.

அர்த்தம் மாறுபடுவது எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஜெர்மனியின் லிடில் கடைச் சங்கிலி உதாரணம். 2011-ல் பழைய மென்பொருளை விட்டு எஸ்ஏபிக்கு மாறத் தொடங்கியது. லிடில் தன் சரக்கிருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுப் பழகியது. எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருள் விற்பனை விலையில் மதிப்பிடும். லிடில் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள மறுத்து மென்பொருளை வளைக்கப் போனது. வளைக்க வளைக்க வேலை நீண்டது. ஏறக்குறைய 50 கோடி யூரோ கரைந்த பிறகு, 2018-ல் முழுதாகக் கைவிட்டது. ‘இருப்பின் மதிப்பு’ என்ற ஒரு கட்டத்துக்குள் என்ன எண் போக வேண்டும் என்ற கேள்வி, ஏழு ஆண்டு உழைப்பையே விழுங்கிவிட்டது.

இரண்டாவது சிக்கல், பதில் வராமல் போவது. இதை அந்த லாரியோடு சேர்த்துப் பார்த்தால் சட்டென்று விளங்கும்.

பில் போடுகிறவர் ‘சேவ்’ கொடுத்தார். அரை நிமிஷமாகியும் பதில் இல்லை. பில் அரசுத் தளத்துக்குப் போய்ச் சேரவில்லையா, அல்லது போய்ச் சேர்ந்து பதில் வரும் வழியில் நெட் போய்விட்டதா? திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. டிரைவர் அவசரப்படுத்துகிறார். பில் போடுகிறவர் மறுபடி அழுத்துகிறார். 2150 என்ற பிழை எண் வருகிறது. ‘இந்தப் பில்லுக்கு ஏற்கெனவே ஐஆர்என் கொடுத்தாகிவிட்டது’ என்று அர்த்தம். விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, பில் எண் ஆகிய நான்கையும் எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்கு முறையில் பிசைந்து எடுப்பதுதான் ஐஆர்என். நான்கும் மாறாதவரை எத்தனை தடவை அனுப்பினாலும் அதே 64 எழுத்துதான் வரும். இரண்டாவது தடவையாகப் பதிய வழியே இல்லை. இது தளத்தை வடிவமைத்தவர்களின் கெட்டிக்காரத்தனம்.

நன்றாக எழுதப்பட்ட இணைப்பு 2150-ஐப் பிழையாகவே காட்டாது. ‘ஏற்கெனவே ஆகிவிட்டது’ என்று புரிந்துகொண்டு, அதே ஐஆர்என்னைக் கேட்டு வாங்கி, பில்லில் அச்சடித்துவிடும். லாரி கிளம்பும். மோசமாக எழுதப்பட்ட இணைப்போ திரையில் சிவப்பாக ஒரு வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அவசரத்தில் இருப்பவர் பில் எண்ணோடு ஒரு ‘ஏ’ சேர்த்து மறுபடி அனுப்புவார். எண் மாறியதால் தளம் அதைப் புதுப் பில்லாக ஏற்றுக்கொள்ளும். ஒரே லோடுக்கு இப்போது இரண்டு பில். இரண்டும் ஆலையின் விற்பனை ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1-ல் தானாக ஏறும். திருப்பூர்க்காரரின் உள்ளீட்டு வரிப் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி-யிலும் இரண்டாகத் தெரியும். வரி இரட்டிப்பு. ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். இ-வே பில் உயிரோடு இருந்தால் முதலில் அதை ரத்து செய்துவிட்டு வர வேண்டும். ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. 24 மணி நேரம் தாண்டினால் கிரெடிட் நோட், ரிட்டர்னில் திருத்தம், வாங்கியவரோடு வாக்குவாதம். அந்தச் சிவப்பு வரிக்குப் பின்னால் சரியான நாலு வரி நிரல் எழுதியிருந்தால் இத்தனையும் மிச்சம்.

இந்தப் பிரச்சினை ஜிஎஸ்டியோடு நிற்பதில்லை. ஷாப்பிஃபை என்ற தளத்தில் நடக்கும் ஆன்லைன் கடையில் ஆர்டர் விழுந்ததும் வெப்ஹுக் என்ற தகவல் ஈஆர்பி பக்கம் வரும். 5 விநாடிக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் போகாவிட்டால் அது மறுபடி மறுபடி அனுப்பும். ஒரே ஆர்டரை இரண்டு தடவை பதிந்து, இரண்டு பார்சல் கட்டி அனுப்புகிற கூத்து இங்கேதான் பிறக்கிறது. தகவல் வந்தவுடன் ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே பதில் சொல்வது, பிறகு ஆர்டர் எண்ணைப் பார்த்து ‘இது ஏற்கெனவே வந்ததா’ என்று சோதித்துவிட்டுப் பதிவது: இவ்வளவுதான் மருந்து. பேங்க் ஸ்டேட்மென்டை ஈஆர்பிக்குள் இழுக்கிறவர்களுக்கும் இதே விதி. தொகையையும் தேதியையும் வைத்துப் பொருத்தினால் ஒரே நாளில் ஒரே தொகை அனுப்பிய இரண்டு பார்ட்டிகள் குழம்பிப்போவார்கள். பணப் பரிமாற்றத்துக்கு வங்கி தரும் யூடிஆர் எண்ணை வைத்துப் பொருத்தினால் குழப்பமில்லை.

மூன்றாவது சிக்கல், மூல ஏடு எது என்பது. எல்-சைஸ் கறுப்பு டி-ஷர்ட் மூன்று பாக்கி என்று ஈஆர்பி சொல்கிறது. ஆன்லைன் கடை ஐந்து என்கிறது. கிடங்கில் எண்ணிப் பார்த்தால் நான்கு. எது சரி? எண்ணியதுதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எண்ணிய நான்கை எந்த மென்பொருளில் பதிவது, அங்கிருந்து மற்றதுக்கு யார் கொண்டுபோவது என்று எழுதிவைத்தவர்கள் குறைவு. இரண்டு பக்கத்திலிருந்தும் திருத்த விட்டால் இரண்டும் மாற்றி மாற்றி ஒன்றை ஒன்று அழித்துக்கொண்டிருக்கும். இருப்பு ஈஆர்பியில் மட்டும் மாறும். படமும் வர்ணனையும் ஆன்லைன் கடையில் மட்டும் மாறும். வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைக் கணக்குப் பிரிவு மட்டும் திருத்தும். இப்படி ஒரே ஒரு தாளில் வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிய ஆபீஸில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

இதில் சட்டமும் நுழைந்துவிட்டது. கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடம் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். கணக்கு வெளிநாட்டு கிளவுடில் இருந்தாலும் தினசரி நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். பிற மென்பொருள்கள் எல்லாமே ‘அட்மின்’ என்ற ஒரே பெயரில் உள்ளே வந்து வவுச்சர் போட்டால், தடம் இருந்தும் பயனில்லை. ஆடிட்டர் கேட்டால் கை பிசைய வேண்டியதுதான். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுப்பதற்குப் பைசா செலவில்லை.

அந்தப் பெயர்களுக்குக் கொடுக்கும் சாவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் நடந்தது பெரிய பாடம். சேல்ஸ்லாஃப்ட் என்ற கம்பெனியின் ‘டிரிஃப்ட்’ என்ற அரட்டை மென்பொருளை, தங்கள் சேல்ஸ்ஃபோர்ஸ் கணக்கோடு பல நிறுவனங்கள் இணைத்து வைத்திருந்தன. திருடர்கள் சேல்ஸ்ஃபோர்ஸை உடைக்கவில்லை. டிரிஃப்டிடம் இருந்த அனுமதி டோக்கன்களைத் திருடி, அவற்றைக் காட்டி முன்வாசல் வழியாகவே போனார்கள். எழுநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கூகுளின் பாதுகாப்புக் குழு கூறியது. கிளவுட்ஃபிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், இசட்ஸ்கேலர் என்று பாதுகாப்பையே தொழிலாகக் கொண்டவர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அரட்டைப் பெட்டிக்கு வாடிக்கையாளரின் முழுக் கோப்பையும் படிக்கும் உரிமை எதற்கு என்பது, இணைத்த அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஜிஎஸ்டி தளத்தில் ஒரு டோக்கனின் ஆயுள் 6 மணி நேரம்தான். தெரிந்த இணைய முகவரியிலிருந்து வந்தால்தான் பேசும். எரிச்சலூட்டும் கட்டுப்பாடுதான். ஆனால் டோக்கன் தொலைந்தாலும் திருடனுக்கு நெடுநாள் உதவாது.

தமிழர்கள் தொழில் செய்யும் பிற நாடுகளிலும் இந்த வாசல்கள் திறந்துகொண்டிருக்கின்றன. மலேசியா 2024 ஆகஸ்ட் 1-ல் 10 கோடி ரிங்கிட்டுக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களோடு இ-இன்வாய்ஸ் தொடங்கி, வரம்பைப் படிப்படியாக இறக்கியது. அங்கே ரத்துக்கு 72 மணி நேரம். இத்தாலி 2019 ஜனவரி 1 முதல் உள்நாட்டுப் பில்கள் ஏறக்குறைய அனைத்தையும் அரசுத் தளம் வழியாகவே அனுப்பச் சொல்கிறது. சவுதி அரேபியா 2023-ல் இணைப்புக் கட்டத்துக்குப் போனது. கோலாலம்பூரிலும் சென்னையிலும் கிளை வைத்திருக்கும் கம்பெனி தன் ஈஆர்பிக்குள் ஒவ்வொரு நாட்டு விதியையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. ஈஆர்பியிலிருந்து ஒரே வடிவத்தில் பில்லை வெளியே அனுப்பிவிட்டு, நாட்டுக்கு நாடு மாறுவதை இடையில் உள்ள கிளவுட் சேவையிடம் விடுவதுதான் வழி. விதி மாறினால் மாற்ற வேண்டியது ஒரே இடம்.

விதி மாறாவிட்டாலும் வாசல் மாறும். ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒரு புதிய ஏபிஐ பதிப்பு வெளியிடும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஓராண்டு உயிர். ஜிஎஸ்டியிலும் அறிவிப்புக்கு மேல் அறிவிப்பு. 2025 ஏப்ரல் 1 முதல், 10 கோடியும் அதற்கு மேலும் வியாபாரம் உள்ளவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதியாவிட்டால் தளம் ஏற்காது. ஐஆர்என் இல்லாத பில் சட்டப்படி பில்லே ஆகாது என்பதால், வாங்கியவரின் உள்ளீட்டு வரிச் சலுகையும் கேள்விக்குறியாகும். ஆகவே இணைப்பு என்பது ஒருமுறை காசு கொடுத்து முடிக்கிற வேலை கிடையாது. ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்காதவர்கள் அந்தக் காசை ஒரு மார்ச் 31 இரவில் மொத்தமாகக் கொடுப்பார்கள்.

முடிவாக, மென்பொருள் விற்க வருகிறவரிடம் கேட்க வேண்டியவை. உங்கள் சேவை இரண்டு மணி நேரம் நின்றால் என் லாரி எப்படிக் கிளம்பும்? கையால் பதிய மாற்று வழி உண்டா? தோற்றுப்போன பில்களின் பட்டியலை நானே பார்க்க முடியுமா, அல்லது உங்கள் ஆளுக்குப் போன் போட வேண்டுமா? 2150 வந்தால் உங்கள் மென்பொருள் என்ன செய்யும்? நேரடித் தளத்தில் ஓட்டும் முன் அரசின் சோதனைத் தளத்தில் என் பழைய பில்கள் நூறை ஓட்டிக் காட்டுவீர்களா? என் தரவு எந்த ஊர் சர்வரில் இருக்கிறது? ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டால் என் ஐஆர்என் பதிவுகளும் கையொப்பமிட்ட கோப்புகளும் எந்த வடிவத்தில், எத்தனை நாளில் என் கைக்கு வரும்?

கடைசிக் கேள்விக்குப் பதிலை வாய்மொழியாக வாங்கிக்கொண்டு வராதீர்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். அவையில் ஆடிட்டர்களும் மென்பொருள் தருபவர்களும் இருக்கிறார்கள். மேலே சொன்ன கேள்விகளை அவர்களிடமே இப்போது கேட்கலாம்.